தொட்டி நிறைந்தது

கீலுங்கில் மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை.
பெய்யாத அன்றைக்குத்தான் சொல்கிறார்கள்.
வந்த அன்று வீட்டுக்கார அம்மாள் ஜியென்
சாவியைத் தருமுன் ஒரு பெட்டியைக் காட்டினார்:
முழங்கால் உயரம், வெள்ளை, பின்னால் ஒரு தொட்டி.
காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சுகிற இயந்திரம்.
வாடகையில் சேர்த்தி. அணைக்கவே கூடாது.
இவ்வளவையும் கைஜாடையில் சொல்லிவிட்டு
நனைந்த பூட்ஸை மோந்தவர்போல் முகத்தைச் சுளித்தார்.

உலான்பாத்தரில் நான் இதற்கு நேரெதிர் வேலை பார்த்தவள்.
ரேடியேட்டர்மேல் ஈரத்துண்டு விரித்து
கட்டிலடியில் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தும்
காலையில் மூக்கோரம் ரத்தம் காய்ந்து எழுந்தவள்.
பால்கனியில் போட்ட சட்டை அங்கே பலகையாகிவிடும்,
உள்ளே கொண்டுவந்து சுவரில் சாத்தி வைப்போம்.
இங்கே அதே சட்டை நான்கு நாள் தொங்குகிறது.
ஐந்தாம் நாள் மறுபடி துவைக்கிறேன்.

உப்பு கல்லாகிவிட்டது.
அம்மா பார்சலில் அனுப்பிய காய்ந்த தயிர்க்கட்டி,
பல்லை உடைக்கும் ஜாதி,
ஒரே வாரத்தில் கொழகொழத்துப் பச்சை மீசை வைத்துக்கொண்டது.
அகராதியின் நடுப்பக்கங்கள் அலையடிக்கின்றன.
ஒன்று சொல்ல வேண்டும்:
கதவுப்பிடி என்னைக் கடிப்பதில்லை.
அங்கே குளிர்காலம் முழுக்கத் தொட்டதிலெல்லாம் பொறி பறக்கும்,
லிஃப்ட் பொத்தான், பூனை, தங்கையின் கன்னம்.
விரலுக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.
ஒவ்வொரு கதவுக்கு முன்னும் ஒரு கணம் நின்றுதான் தொடுகிறது.

காலைக் கடையில் நான்கு கொழுக்கட்டை கேட்டேன்,
பத்து வந்தது.
இந்த மொழியில் குரல் இறங்கினால் நான்கு,
ஏறினால் பத்து.
புதிதாய் வந்தவளுக்குக் குரல் எங்கே இறங்கும்?
எதைக் கேட்டாலும் கேள்வியாகத்தான் வருகிறது.
பத்தையும் தின்றேன். மறுநாளும் பத்து.
மூன்று வாரத்தில் பேண்ட் பொத்தான் என் கட்சியை விட்டுப் போயிற்று.
ராத்திரி அந்த இயந்திரத்தின் முன் சம்மணமிட்டு
நான்கு, நான்கு, நான்கு என்றேன்.
அது ம்ம் என்றது. அது எதற்கும் ம்ம்தான்.

திங்கட்கிழமை சரியாகச் சொல்லிவிட்டேன்.
ஆ-ஷுயே கரண்டியை வைத்துவிட்டு
அடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்தாள்,
எண்ணெய்ப் புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.
காய்ச்சல் இல்லை.
இருந்தாலும் பத்தையே கட்டித் தந்தாள்,
நான்குக்கு மட்டும் காசு எடுத்துக்கொண்டு.

வேலை, துறைமுகத்தில்.
குளிர்பெட்டிகளின் அளவைக் குறிக்க வேண்டும்.
மைனஸ் இருபது, மைனஸ் இருபது, மைனஸ் பதினெட்டு.
எங்கள் ஊரில் அது குழந்தையை வெளியே விளையாட விடுகிற வெப்பம்.
சோதனைக்கு ஒரு கதவைத் திறந்தால்
உலர்ந்த குளிர் முகத்தில் வந்து மோதுகிறது,
மூக்குமயிர் விறைக்கிறது,
மூச்சு வெள்ளையாய் என்னைப் பார்த்து நிற்கிறது.
அரை நிமிடம் போதும் என்பது விதி.
"ஹூலான்! மூடு! கணவாய் உருகப் போகுது!"
மழைக்கோட்டுக்குள்ளிருந்து ஆ-ஹோங் கத்துகிறான்.
அவனுக்கு என் பெயர் இப்போது சரியாக வருகிறது,
திட்டும்போது மட்டும்.

இரவு பதினொன்றுக்குச் சிவப்பு விளக்கு:
தொட்டி நிறைந்தது.
முதலில் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தேன்.
பிறகு கழிவறைக்கு. இப்போது
ஜன்னலோரம் யாரோ விட்டுப்போன செடிக்கு.
அது தேவையில்லாமல் நனைகிறது, என் கண்ணெதிரே தழைக்கிறது.
தூக்கும்போது தோள் அறிகிறது, மூன்று லிட்டர்.
இதில் கொஞ்சம் கடல், கொஞ்சம் சட்டை,
கொஞ்சம் நான் விட்ட மூச்சு.

போனில் அம்மா கேட்கிறாள், இந்நேரத்துக்கு என்ன செய்கிறாய்?
காற்றைப் பிழிந்துகொண்டிருக்கிறேன்.
சிக்னல் விட்டுவிட்டு வருகிறது.
காற்றா, என்கிறாள், இங்கேயும் பயங்கரக் காற்று,
ஜன்னலை நன்றாகச் சாத்திக்கொள்.